பிரியோஷ்: வெண்ணெயை உருக்கிக் கெடுத்தவள் சொல்கிறேன்

போன வாரம் தோழி ஒருத்தி தன் முதல் பிரியோஷை, அதாவது முட்டையும் வெண்ணெயும் நிறைந்த பிரெஞ்சு ரொட்டியை, படம் எடுத்து அனுப்பினாள். ரொட்டி செங்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. டின்னின் அடியில் வெண்ணெய்க் குளம். ஆறு வருஷத்துக்கு முன் என் ஓவனிலிருந்து வந்ததும் இதே செங்கல், இதே குளம்தான். பிரியோஷைக் கெடுக்கும் தவறுகளைக் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பழைய ஈஸ்ட், மறந்துபோன உப்பு எல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

என் அளவு: மைதா 500 கிராம், முட்டை 6, உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம், சர்க்கரை 60, உப்பு 10, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7. தண்ணீர் கிடையாது, ஈரமெல்லாம் முட்டைதான்.

வெண்ணெயை முதலிலேயே கொட்டுவது, அதுவும் உருக்கி

கேக் செய்து பழகிய கை இதைத்தான் செய்யும். பணம் கட்டிப் போன ஒரு வகுப்பில் எனக்கு அப்படியே சொல்லியும் கொடுத்தார்கள்: "உருக்கினால் சீக்கிரம் கலந்துவிடும்." நம்பி, ஒரு பிறந்தநாளுக்காக இரண்டு கிலோ மைதா, 24 முட்டை, ஒரு கிலோ வெண்ணெய் வீணாக்கினேன். கலந்தது உண்மைதான். சுடும்போது அத்தனையும் வெளியே வந்து ரொட்டியை அடியில் பொரித்துவிட்டது. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

மைதாவின் புரதம் ஈரத்தோடு சேர்ந்து பிசையப் பிசையத்தான் குளூட்டன் வலை உருவாகும். கொழுப்பு முந்திக்கொண்டு மாவைப் பூசிவிட்டால் அந்த வலை சரியாகப் பின்னாது. மாவின் எடையில் பாதி வெண்ணெய், அதை எது தாங்கும்? பிரியோஷ் என்ற பெயரே பிசைவதைக் குறிக்கும் பழைய நார்மண்டி வினைச்சொல்லிலிருந்து வந்ததுதான். முதலில் வெண்ணெய் இல்லாமல் மிக்சரில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிசையுங்கள். சிறு துண்டைக் கிள்ளி விரித்தால் கிழியாமல், வெளிச்சம் தெரியும் சவ்வாக வர வேண்டும். அப்புறம்தான் வெண்ணெய்: சின்னத் துண்டுகளாக, ஒரு பிடி மாவில் மறைந்த பிறகு அடுத்த பிடி.

வெண்ணெயை அழுத்தினால் விரல் குழிய வேண்டும், பளபளக்கக் கூடாது. 32 டிகிரியைத் தாண்டினாலே அது உருகிவிடும். மே மாதத்தில் சென்னைச் சமையலறையே அவ்வளவு இருக்கும், மிக்சர் சுற்றும் சூடு வேறு. அதனால் முட்டை, மைதா, கிண்ணம் மூன்றையும் ஃபிரிட்ஜில் குளிர வைத்த பிறகே தொடங்குகிறேன். மாவு 25 டிகிரியைத் தொட்டால் மிக்சரை நிறுத்திவிட்டு, கிண்ணத்தோடு இருபது நிமிடம் மறுபடி ஃபிரிட்ஜுக்குள். மாவு எண்ணெய் மினுமினுப்போடு பிரிந்து கிடந்தாலும் முதலில் இதையே செய்து பாருங்கள், பல தடவை மீண்டிருக்கிறது.

ஒட்டுகிறதே என்று மைதா தூவுவது

தூவாதீர்கள். ஒட்டத்தான் செய்யும்.

ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பது

ஒரு மணி நேரம் வெளியே உப்ப விட்டு, பிறகு இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். வெண்ணெய் இறுகி, நேற்று ஒட்டிய மாவு காலையில் களிமண் போல உருட்ட வரும். வாசனையும் அந்த இரவில்தான் கூடுகிறது. பாரிஸ் அருகே உள்ள நாந்தேர் ஊரின் பெயரைக் கொண்ட வடிவம் எளிது: டின்னுக்கு எட்டு உருண்டை, இரண்டு வரிசை. மேலே சொன்ன அளவுக்கு இரண்டு டின் வரும்.

வெயிலில் வைத்து எழுப்புவது

மறுபடியும் வெண்ணெய்தான். உருட்டிய பிறகு 27 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் இரண்டு, மூன்று மணி நேரம் ஆகட்டும். கோடையில் நான் விடியற்காலை நாலு மணிக்கே டின்னை வெளியே எடுத்துவிடுவேன். வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

நிறத்தை நம்பி வெளியே எடுப்பது

முட்டையும் சர்க்கரையும் சீக்கிரம் சிவந்துவிடும், நடுவில் பச்சையாக இருக்கும். 180 டிகிரியில் சுமார் 35 நிமிடம். மேலே கறுக்கத் தொடங்கினால் அலுமினியத் தாளால் மூடுங்கள். நடுவில் தெர்மாமீட்டர் 90 காட்ட வேண்டும்.

சுடும் முன் மேலே பூசும் முட்டை

டின் விளிம்பில் வழிய விடாதீர்கள். ஒட்டிக்கொண்டு ரொட்டியை எழ விடாது.