வீட்டுப்படம் கீற முன்னம் தண்ணீரின் வழியைக் கீறுங்கள்

யாழ்ப்பாணம் சமதரை, இங்கே சரிவுக்காணிக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் பலர். இருபது வருடத்துக்கு மேலாக வீட்டுப்படம் கீறுகிறேன். கண்ணுக்குச் சமமாகத் தெரிந்த எத்தனையோ வளவுகள் மாரி மழையில்தான் தங்கள் சரிவைக் காட்டியிருக்கின்றன. வழுக்கையாற்றுப் பக்கம் காணி வாங்குகிறவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் தாண்டி அராலியில் கடலேரியைச் சேரும் ஆறு அது. கோடையில் மாடு மேயும் வெளி. மாரியில் அதுவே வெள்ளம். 2008 கார்த்திகையில் நிஷா புயல் மழை பெய்தபோது அதைக் கண்ணால் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

போன வருடம் என் அக்காவின் மகள் அந்தப் பக்கத்தில் 4 பரப்பு வாங்கினாள். அகலம் 99 அடி, நீளம் 110 அடி. கிழக்கே ஒழுங்கை, மேற்கே வயல். "சின்னம்மா, மூண்டு அறை, ஒரு ஹோல், குசினி. கெதியா ஒரு படம் கீறித் தாங்கோ" என்றாள். "படம் பிறகு பிள்ளை, முதல் வளவை அளப்பம்" என்றேன். அந்த வளவை வைத்தே சொல்கிறேன்.

அளக்கப் பெரிய கருவி வேண்டாம். உள்ளே தண்ணீர் தெரிகிற ஹோஸ் 60 அடி, அங்குலம் குறித்த இரண்டு தடிகள், கொஞ்ச முளைகள் போதும். ஹோஸின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். இரண்டு தடியிலும் அது காட்டும் அங்குல வித்தியாசம்தான் நிலத்தின் பள்ளம். தண்ணீரில் இரண்டு சொட்டு நீலம் கலந்தால் மட்டம் தெளிவாகத் தெரியும். ஹோஸுக்குள் காற்றுக்குமிழ் ஒன்று நின்றாலும் கணக்குப் பிழைக்கும். ஆகவே ஒரு முனையை உயர்த்திப் பிடித்து, விரலால் தட்டித் தட்டிக் குமிழை வெளியேற்றுங்கள். அவள் ஒழுங்கை ஓரத்தில் ஒரு முனையைத் தடியோடு பிடித்தாள், நான் 20 அடிக்கு ஒரு முளையாகப் பின்னால் போனேன். ஹோஸ் எட்டாத இடத்தில் கடைசி முளையில் அவளை நிற்கவிட்டு அங்கிருந்து தொடர்ந்தோம். பின்வேலியில் வந்த கணக்கு, ஒழுங்கையை விட 42 அங்குலம் பள்ளம். மூன்றரை அடி! அவள் நம்பாமல் இன்னொருமுறை அளக்கச் சொன்னாள். அளந்தோம், அதே 42.

அடுத்தது வெள்ளத்தின் அடையாளம். பக்கத்து வளவின் பழைய மதிலில் ஒரு கறைக்கோடு இருந்தது, பின்மூலையில் நிலத்திலிருந்து 8 அங்குலம். முன்வீட்டு ஐயாவும் அந்தக் கோடு வரை தண்ணீர் நின்றதாகச் சொன்னார். அந்த மட்டத்தை ஹோஸால் வளவுக்குள் கொண்டுவந்து பார்த்தால், பின்பக்கம் 20 அடி வெள்ளத்துக்கு உரியது. அங்கே வாழையும் தென்னையும் வைக்கலாம். வேறொன்றும் வேண்டாம் என்று படத்தில் முதற்கோடாக அதைத்தான் கீறினேன்.

வீட்டை எந்தப் பக்கம் நீட்டுவது என்பதில்தான் காசு இருக்கிறது. அவள் மனதில் இருந்தது ஒழுங்கையிலிருந்து உள்ளே 44 அடி நீளும் வீடு, அகலம் 26. அதைத் திருப்பி, 44 அடியை வடக்குத் தெற்காக, சரிவுக்குக் குறுக்கே போட்டேன். வீட்டு நிலமட்டம், அதாவது உள்ளே நாங்கள் மிதிக்கும் நிலம், ஒழுங்கையை விட 18 அங்குலம் உயர வேண்டும். ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போடும் ஒவ்வொரு முறையும் அது உயரும், வீடு உயராது. ஒழுங்கையிலிருந்து 25 அடி விட்டு வீடு தொடங்கினால், பின்சுவரடியில் வீட்டு நிலமட்டம் வெளித்தரையிலிருந்து 37 அங்குலம் உயரும். பழைய யோசனைப்படி என்றால் 44 அங்குலம். உள்ளே நிரப்ப 31 கியூப் கிறவல் போதும்; மற்றதற்கு 34 வேண்டும். ஒரு கியூப் 100 கன அடி, இறுக்கினால் அமருமாகையால் வாங்கும்போது கூடத்தான் வாங்க வேண்டும்.

சிலர் நிரப்பைக் குறைக்க வீட்டுக்குள்ளேயே படி வைப்பார்கள், ஹோல் மேலே, குசினி கீழே என்று. நான் அதற்குச் சம்மதிப்பதில்லை. எங்கள் பழைய வீட்டில் குசினி இரண்டு படி கீழே. கரண்ட் போன ஓர் இரவு அம்மா அந்தப் படியில் தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவவால் பிடிக்காமல் நடக்க முடியவில்லை. சரிவை வீட்டுக்கு வெளியே வையுங்கள். இந்த வளவில் கேற்றிலிருந்து விறாந்தைக்கு நேரே ஒரு சாய்தளம் போட முடிந்தது, 25 அடிக்கு 18 அங்குலம்தான் ஏற்றம், சக்கர நாற்காலியும் ஏறும். முன்பக்கத் தண்ணீரை அது மறிக்காதபடி அடியில் 6 அங்குலக் குழாய் ஒன்று போக வேண்டும். ஒழுங்கைத் தண்ணீர் வீட்டுச் சுவரைத் தொடாமல் பக்கத்தால் சுற்றிப் போக ஒரு வாய்க்காலும் வேண்டும்.

கிணறும் மலகூடக்குழியும்தான் என் மனதை எப்போதும் அலைக்கழிக்கிறவை. கிணறு மேட்டில், குழி பள்ளத்தில் என்று எல்லோரும் சொல்வார்கள். சரி, ஆனால் போதாது. எங்கள் நிலத்துக்கு அடியில் சுண்ணக்கல். வெடிப்புகளுக்குள்ளால் தண்ணீர் தன்பாட்டுக்கு ஓடும், மேல்நிலத்தின் சரிவை அது கேட்பதில்லை. ஆகவே தூரம் வேண்டும். 50 அடிக்குக் குறைய நான் ஒருபோதும் கீறுவதில்லை, அயலவர் கிணற்றையும் சேர்த்துத்தான் அளப்பேன். இங்கே கிணறு தென்கிழக்கு மூலையில், குழி வடமேற்கில். இடையில் ஏறக்குறைய 100 அடி கிடைத்தது. ஆனால் குழியை ஆகப் பள்ளத்தில் வைத்தால் மாரியில் வெள்ளம் அதற்குள் இறங்கி எல்லாம் மேலே வரும். அதனால் வெள்ளக்கோட்டிலிருந்து ஒழுங்கைப் பக்கமாக 15 அடி தள்ளியே நிறுத்தினேன். குளியலறையும் வீட்டின் வடமேற்கு மூலைக்கு வந்துவிட்டது. 4 அங்குலக் குழாய்க்கு 10 அடிக்கு 3 அங்குலம் இறக்கம் வேண்டும், சரிவு அதைத் தானாகவே தந்தது.

மற்ற அறைகள் அதன் பின் இலகுவாக அமைந்தன. குசினி கிணற்றுக்குப் பக்கத்தில், தென்கிழக்கில். சாத்திரப்படி வீட்டுக்கு இடம் குறிக்க, அதாவது நிலையம் எடுக்க, வந்த சாத்திரியாருக்கும் அது பிடித்தது. படுக்கையறை யன்னல்கள் தென்மேற்கே, சோளகக்காற்று உள்ளே வர. கிழக்கு விறாந்தைக்கு வாடைமழைச் சாரல் அடிக்கும், கூரையை 3 அடி வெளியே நீட்டினேன்.

அத்திவாரம் வெட்ட முன்னம் நாலு மூலையிலும் ஒவ்வொரு குழி தோண்டிப் பாருங்கள். அந்த வளவில் முன்மூலையில் 2 அடியில் கல் வந்தது, பின்மூலையில் 4 அடியிலும் களிமண்தான். ஒரே ஆழத்தில் வெட்டினால் வீடு ஒரு பக்கம் அமர்ந்து சுவர் வெடிக்கும். படிப்படியாக இறக்கி வெட்டச் சொல்லி மேசனுக்குப் படத்திலேயே கீறிக் கொடுங்கள். எந்தச் சுவரும் நிரப்பிய மண்ணில் நிற்கக்கூடாது. நிரப்பும்போது 6 அங்குலத்துக்கு ஒருமுறை தண்ணீர் விட்டு இடிக்க வேண்டும். அந்த வேலை நடக்கும் நாட்களில் நீங்கள் அங்கே நில்லுங்கள்.

பின்மதில் கட்டும்போது நிலத்தோடு சேர்த்து 6 அடிக்கு ஒரு துவாரம் விடுங்கள், வளவுத்தண்ணீர் வயலுக்குப் போகட்டும். மதிலை மூடிக் கட்டினால் அது பக்கத்து வளவுக்குத் திரும்பும், அங்கேயும் ஒரு கிணறு இருக்கிறது.