இஸ்பஹானில் ஒரு நாள்: டிக்கெட்டும் பூஜ்யமும் ஒரு மேசைவிரிப்பும்

விசா, விமானம், விடுதி பற்றியெல்லாம் ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள். நான் சொல்லப்போவது, ஈரானின் இஸ்பஹான் நகரத்து நக்ஷ்-இ ஜஹான் சதுக்கத்தில் காலையில் இறங்கி, சாயங்காலத்துக்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்து, வாங்க வேண்டியதை ஏமாறாமல் வாங்குவது எப்படி என்பதை. ஒன்று மட்டும் முதலிலேயே: வெளிநாட்டு வங்கி அட்டைகள் பொதுவாக ஈரானில் செல்லாது. டாலரோ யூரோவோ ரொக்கமாகக் கொண்டுபோய் 'சர்ராஃபி' என்ற பணமாற்றுக் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: எண்கள்

பாரசீக எழுத்து வலமிருந்து இடம் போகும். எண்கள் மட்டும் நம்மைப் போல இடமிருந்து வலம். பூஜ்யம் ஒரு புள்ளி. ஐந்து, காம்பு கீழே இருக்கும்படி பிடித்த வெற்றிலை. ஏழு ஆங்கில 'வி', எட்டு அதைக் கவிழ்த்தது. குழப்புவது இரண்டும் மூன்றும்தான்: தலையில் ஒரு பல் கூடினால் மூன்று, அவசரக் கையெழுத்தில் அந்தப் பல் காணாமல் போகும். மொழிபெயர்ப்புச் செயலியை நான் நம்புவதில்லை. முந்தின ராத்திரி அரை மணி நேரம் எழுதிப் பழகினால் போதும்.

படி 2: ரியாலா, தோமானா?

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். நோட்டில் அச்சாகியிருப்பது ரியால், வாய் சொல்வது தோமான். பத்து ரியால் ஒரு தோமான். இதைப் படித்துவிட்டுத்தான் போனேன். ஆனால் பேச்சில் 'ஆயிரம்' என்பதையும் விழுங்கிவிடுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு தேநீர்க் கடையில் 'பஞ்சாஹ்' (ஐம்பது) என்றார். ஐம்பதாயிரம் ரியால் நோட்டைப் பெருமையாக நீட்டினேன். அவர் கேட்டது ஐம்பதாயிரம் தோமான், அதாவது ஐந்து லட்சம் ரியால்! கடையே சிரித்தது.

அதற்கப்புறம் நான் கடைப்பிடித்த வழி: விலையைக் கால்குலேட்டரில் அடித்துக் காட்டச் சொல்வேன், 'ரியால்? தோமான்?' என்று கேட்பேன், பிறகுதான் பணப்பையைத் திறப்பேன்.

படி 3: பார்க்கும் வரிசை

ஒவ்வொரு இடத்துக்கும் தனி டிக்கெட். வெளிநாட்டவருக்கு விலை அதிகம். வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள்.

முதலில் ஷேக் லுத்ஃபுல்லா மசூதி. ஈரான் மன்னர் முதலாம் ஷா அப்பாஸ் காலத்தது. மினாரும் இல்லை, முற்றமும் இல்லை. சதுக்கம் மெக்கா திசைக்கு நேராக இல்லாததால் உள்ளே போகும் நடை வளைந்து திரும்பும். அந்த இருட்டிலிருந்து கூடத்துக்குள் கால் வைத்ததும் அண்ணாந்து பாருங்கள்: குவிமாடத்தின் நடுவில் மயில் வரையப்பட்டிருக்கும், அதன் தோகை வெளிச்சக் கீற்றாக நீளும். அப்புறம் எதிரே ஆலி காப்பு மாளிகை; படிகள் செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசியுங்கள். உச்சியில் இசை அறை, சுவரெங்கும் குடம், குடுவை வடிவில் வெட்டிய சுதை வேலை. கடைசியாகத் தெற்கே பெரிய மசூதி.

படி 4: கடைத்தெரு

சதுக்கத்தின் வடக்கே கைசாரியா வாசல். உள்ளே 'தட், தட்' என்று சத்தம் கேட்டால் அங்கேதான் கலம்கார் என்ற அச்சுத் துணியில் மேசைவிரிப்பு அச்சடிக்கிறார்கள். நம் 'கலம்காரி' என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து வந்தது. கலம் என்றால் பேனா, கார் என்றால் வேலை. இஸ்பஹானில் மரக்கட்டையில் சாயம் தொட்டு, துணி சுற்றிய கைமுட்டியால் கட்டையைக் குத்துகிறார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டை.

கையச்சா என்று பார்க்க, கட்டைகள் சேரும் இடத்தில் கண்ணை வையுங்கள். கோடு மயிரிழை விலகியோ, நிறம் லேசாக மேலேறியோ இருந்தால் கையச்சு. விளிம்பு முழுக்க ஒரு பிசிறும் இல்லாவிட்டால் பெரும்பாலும் இயந்திரம்.

பணம் கொடுக்கும்போது கடைக்காரர் 'காபெல் நதாரே' என்பார். 'உங்களுக்கு முன் இது எம்மாத்திரம்' என்பது போன்ற உபசார வார்த்தை; இந்த உபசாரத்துக்கு 'தாரோஃப்' என்று பெயர். இலவசம் என்று எண்ணி நன்றி சொல்லி நடந்துவிடாதீர்கள்! இரண்டு, மூன்று தடவை வற்புறுத்துங்கள், வாங்கிக்கொள்வார்.

பிற்சேர்க்கை: 'ரியாலில் நான்கு பூஜ்யத்தை எடுத்துவிட்டார்களாமே?' என்று ஒருவர் கேட்டிருந்தார். 2025-இல் நாடாளுமன்றம் அதற்குச் சட்டம் நிறைவேற்றியது. மாற்றம் படிப்படியாகத்தான் வரும். பழைய கணக்கும் புதிய கணக்கும் சேர்ந்து புழங்கும் காலத்தில் கால்குலேட்டர் இன்னும் அவசியம்.

இன்னொருவர் கலம்கார் மேசைவிரிப்பில் சாயம் போகிறது என்றார். முதல் சலவையைத் தனியாக, குளிர்ந்த தண்ணீரில் செய்து நிழலில் உலர்த்துங்கள். எனக்கு முதல் வாளியில் கொஞ்சம் சிவப்பு வந்தது, அடுத்ததில் வரவில்லை.