சுங்கவரியைக் குறைத்தால் போதுமா? தாராளமயம் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் தேக்கா காப்பிக்கடையில் இந்தியா, இலங்கை என்று ஊர்ப் பொருளாதாரம் பேச்சுக்கு வந்தால், "சிங்கப்பூரைப் பாருங்கண்ணே, வரியை எடுத்தான், முன்னுக்கு வந்தான். நாமளும் அதையே செஞ்சா முடிஞ்சது" என்று யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிங்கப்பூரின் கதையே அப்படி நடக்கவில்லை.

1960களின் தொடக்கத்தில் சிங்கப்பூரும் இறக்குமதிக்கு வரி போட்டு உள்ளூர்த் தொழிலை வளர்க்கத்தான் பார்த்தது. மலேசியாவோடு பொதுச்சந்தை அமையும் என்ற நம்பிக்கை. 1965ல் பிரிவினை வந்ததும் அந்தக் கணக்கு பொய்த்தது. அதற்கப்புறம்தான் முழுமூச்சாக ஏற்றுமதிப் பக்கம் திரும்பினார்கள். அதற்குள் அரசு வீடுகளைக் கட்டும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) 1960லும் பொருளியல் வளர்ச்சிக் கழகம் 1961லும் வந்துவிட்டன. ஜூரோங்கில் தொழிற்பேட்டை எழும்பிக்கொண்டிருந்தது. 1968ன் தொழிலாளர் சட்டங்கள் சங்கங்கள் பேரம் பேசும் எல்லையைச் சுருக்கின; அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வரிக்குறைப்பை மட்டும் பிரித்தெடுத்து, கோடிக்கணக்கான விவசாயிகள் உள்ள நாட்டுக்கு மருந்தாக எழுதித் தருவது முதல் தவறு.

அடுத்தது, நெருக்கடி நேரத்துக் கைவைத்தியத்தையும் சீர்திருத்தத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. 1991ல் இந்தியாவின் கையில் இருந்த அந்நியச் செலாவணி ஏறக்குறைய இரண்டு வார இறக்குமதிக்குத்தான் காணும். தங்கத்தை அடகு வைத்ததும், ஜூலையில் ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் மூச்சு விடுவதற்காக. பெரும்பாலான தொழில்களுக்கு உரிமம் வேண்டாம் என்றது வேறு வகை வேலை. அது ஒரே நாளில் முடியவுமில்லை. சிறுதொழிலுக்கு மட்டும் என்று 800க்கும் மேற்பட்ட பொருள்களை ஒதுக்கி வைத்திருந்தார்கள். திருப்பூர்ப் பின்னலாடை அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது 2005ல்தான். ஆகவே "91லேயே திறந்தாச்சே, இன்னும் ஏன் இப்படி?" என்று கேட்பவர், திறந்தது எந்தக் கதவு என்று பார்க்கவில்லை.

என்னைக் கேட்டால் பெரிய தவறு, சராசரியைப் பார்த்துவிட்டு எழுந்து போவதுதான். இலங்கையை எடுத்துக்கொள்வோம். 1970 முதல் 77 வரை சிறிமாவோ அரசு இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களில் செத்தல் மிளகாயும் (காய்ந்த மிளகாய்) வெங்காயமும் நல்ல விலை போயின. கிணற்றுத் தண்ணீரை பம்ப் வைத்து இறைத்துப் பயிர் செய்தார்கள். அதே காலத்தில் கொழும்பில் பாணுக்கு (ரொட்டிக்கு) வரிசை. 1977ல் ஜெயவர்த்தனா அரசு சந்தையைத் திறந்ததும் வரிசை மறைந்தது, வளர்ச்சி விகிதம் ஏறியது. 1978ல் தொடங்கிய கட்டுநாயக்கா வர்த்தக வலயத்துத் தையல் ஆலைகள் கிராமத்து இளம்பெண்களுக்குச் சம்பளம் கொடுத்தன. மிளகாய்த் தோட்டக்காரரோ வெளிநாட்டுச் சரக்கோடு போட்டி போட முடியாமல் அடிபட்டார்.

நட்டப்பட்டவர் வேறு தொழிலுக்கு மாறிக்கொள்வார் என்று பாடப்புத்தகம் சொல்லும். நாற்பது வயது மிளகாய் விவசாயி கட்டுநாயக்காவில் போய்ச் சட்டை தைப்பாரா? மாறும் காலத்தில் அவருக்குக் கடனோ, வேறு பயிரோ, விலை ஆதரவோ உண்டா என்று கேட்காமல் ஒரு சீர்திருத்தத்தை எடைபோட முடியாது. (இங்கே நம்மில் சிலர் இன்னொரு எல்லைக்குப் போய், அப்புறம் இலங்கையில் நடந்த உள்நாட்டுப் போருக்கே மிளகாய் விலைதான் காரணம் என்பார்கள். அதுவும் தவறு.)

கடைசியாக ஒன்று. திறந்த சந்தை திறந்தபடியே இருக்கும் என்று நம்பிவிடக்கூடாது. தாராளமயமாகி முப்பது வருடத்துக்கு மேலான பிறகும், உள்ளூர் விலை ஏறியது என்று 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டது. சுங்கவரியே இல்லாமல் அரிசி வாங்கும் சிங்கப்பூர், டெல்லியிடம் தனியாகப் பேசி 50,000 டன்னுக்கு விலக்கு வாங்கவேண்டி வந்தது.