ஆய்வில் படித்ததை வகுப்பில் சோதிப்பது எப்படி?

பயிற்சி ஆசிரியர்கள் ஆய்வுகளைத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். வகுப்பில் நின்றதும் தங்களுக்குப் பாடம் எடுத்தவர்களைப் போலவே எடுக்கிறார்கள். இரண்டையும் இணைக்க, சின்னதாக ஒரே ஒரு ஆய்வு முடிவு போதும்.

கேள்விக்கும் பதிலுக்கும் இடையே ஆசிரியர் பொறுக்கும் 'காத்திருப்பு நேரம்' இதற்குத் தோதானது. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சுமார் 1 நொடிதான் பொறுக்கிறார்கள். 3 நொடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன என்று 1970களில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ காட்டினார்.

முதல் பாடத்தில் எதையும் மாற்றாதீர்கள். பள்ளியின் அனுமதியோடு 10 நிமிடம் ஒலிப்பதிவு செய்து, ஒவ்வொரு கேள்விக்கும் குறியுங்கள்: காத்திருந்த நொடிகள், பதிலில் எத்தனை சொற்கள், பதில் சொன்னது யார். எண்ணிப் பார்க்கும்போதுதான், "நான் நிறைய நேரம் கொடுக்கிறேன்" என்ற நினைப்பு உடையும்.

அடுத்த பாடத்தில் முதலில் கேள்வி, பிறகு 3 நொடி மௌனம், அதன்பின் பதில் சொல்லவேண்டிய மாணவரின் பெயர். பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். பதில் வந்தபிறகும் 3 நொடி பொறுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். உடனே "சரி" என்று சொன்னால் மாணவர் மேற்கொண்டு பேசமாட்டார்.

"7 பெருக்கல் 8 எவ்வளவு?" போன்ற நினைவுக் கேள்விகளுக்கு இது வேண்டாம், வகுப்பு தொய்ந்துவிடும். "ஏன்", "எப்படி" கேள்விகளுக்கு மட்டும் வையுங்கள். ஒரே பாடத்தை வைத்து முடிவுகட்டாமல், அதே வகுப்பில் 4 பாடங்களாவது பாருங்கள்.

வழிகாட்டி ஆசிரியர் "இதெல்லாம் இங்கே எடுபடாது" என்றால் வாதாட வேண்டாம். குறிப்புத்தாளை நீட்டி, எந்தக் கேள்வியில் எடுபடவில்லை என்று கேளுங்கள். அவருடைய அனுபவம் அப்போதுதான் உங்களுக்குப் பயன்படும் வடிவில் வெளிவரும்.