தலைவரைச் சிலையாக்காமல் திரைக்கதை எழுதுவது எப்படி?

குறையைக் கற்பனையில் தேடாதீர்கள், ஆவணத்தில் தேடுங்கள். காந்தியைப் படமெடுப்பதாக வைத்துக்கொள்வோம். சுயசரிதையில் அவரே தன்னைப் போட்டு உடைத்திருக்கிறார். 1898, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம். வீட்டில் தங்கியிருந்த, தீண்டத்தகாதவர்கள் என ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்த குமாஸ்தாவின் மூத்திரச் சட்டியைத் தூக்கிக்கொண்டு, கண்ணீரோடு படியிறங்குகிறார் கஸ்தூர்பா. தூக்கினால் போதாது, முகம் சுளிக்காமல் தூக்க வேண்டும் என்கிறார் கணவர். சண்டை முற்றி, கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப்போய்க் கதவைத் திறக்கிறார். வெட்கமாக இல்லையா என்று மனைவி கேட்ட பிறகுதான் கதவைச் சாத்துகிறார்.

நானாக இருந்தால் கேமராவைக் கஸ்தூர்பா பக்கம் வைப்பேன். அவர் கண்ணில் படுவது வெறும் கோபக்காரக் கணவர். சோக வயலின் வேண்டவே வேண்டாம். அது தலைவருக்காக மன்னிப்புக் கேட்கும் வேலை.

கவனியுங்கள், தீண்டாமையை எதிர்க்கும் அதே பிடிவாதம்தான் இங்கே மனைவியின் கையையும் பிடித்து இழுக்கிறது. பெருமையும் குறையும் ஒரே குணத்திலிருந்து வந்தால் காட்சி நிற்கும். சம்பந்தமில்லாத பலவீனத்தை ஒட்டவைத்தால் கிசுகிசுதான் மிஞ்சும்.

அப்புறம், பாதிக்கப்பட்டவரையும் முழு மனிதராக எழுதுங்கள். இங்கிலாந்து போய் சட்டம் படிக்க ஆசைப்பட்ட மகன் ஹரிலாலுக்கு அப்பா தடை போட்டார். ஹரிலாலை வெறும் குடிகாரராகக் காட்டினால் தந்தை சுலபமாகத் தப்பிவிடுவார்.

நடிகர் தேர்வா? குரலை மிமிக்ரி செய்யாதவராகப் பாருங்கள். ஒவ்வொரு காட்சியின் ஓரத்திலும் ஆதார நூலின் பக்க எண்ணைக் குறித்துவையுங்கள். படத்தின் சட்டச் சிக்கலைப் பார்க்கும் வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.