அலுமாரியைச் சுவரோடு பிணைப்பது எப்படி? முதன்முறை ட்ரில் பிடிப்பவர்களுக்கு

கார்த்திகை மழை விடாமல் பெய்த ஒரு மாலை. திருகோணமலைக் கடலோரத்து உப்புவெளியில் எங்கள் வீட்டில் அக்காவின் மூன்று வயது மகன் அலுமாரியின் லாச்சிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் படிக்கட்டாக்கி ஏறிக்கொண்டிருந்தான். மூன்றாவது லாச்சியில் கால் வைத்ததும் அலுமாரியின் பின்கால்கள் தரையை விட்டு எழும்பின. அக்கா பாய்ந்து போய்த் தோளைக் கொடுத்தாள். ஒரு கண்ணாடிச் சாடியோடு போயிற்று. மறுநாளே பக்கத்து வீட்டு அண்ணாவிடம் ட்ரில் மெஷின் இரவல் வாங்கினேன். நான் போட்ட முதல் இரண்டு துளைகளும் பாழ். நீங்கள் அவற்றைப் போடாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

எவற்றைப் பிணைக்க வேண்டும்? அமெரிக்காவில் 2023 செப்டெம்பர் முதல், 27 அங்குலமும் அதற்கு மேலும் உயரமான உடுப்பு அலுமாரிகள் கவிழாத வகையில் இருக்க வேண்டுமென்று விதி இருக்கிறது. 27 அங்குலம் என்பது நம் இடுப்புக்கும் கீழே. விதி உடுப்பு அலுமாரிக்குத்தான்; அந்த உயரத்தை நம் வீட்டுக்கு அளவாக வைத்தால் புத்தக அலுமாரி, பாத்திர அலுமாரி, உயரமான மேசை மேல் நிற்கும் தொலைக்காட்சி எல்லாமே கணக்கில் வரும். லாச்சி வைத்தவைதான் மிகவும் பொல்லாதவை: லாச்சியை இழுத்தால் பாரம் முன்கால்களுக்கு வெளியே போய்விடுகிறது. வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டிகளை அலுமாரி உச்சியில் அடுக்கி வைத்திருந்தால் முதலில் அவற்றை இறக்குங்கள். அதற்கு ட்ரில் தேவையில்லை.

ஹாட்வெயார் கடையில் கேட்க வேண்டியவை: ஓர் அலுமாரிக்கு இரண்டு எல் வடிவ இரும்புத் தகடுகள், 8 மி.மீ. வோல் பிளக் (சுவர்த் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் குழல்), அதற்கேற்ற 60 மி.மீ. திருகாணிகள், ட்ரில்லில் மாட்டிக் கொங்கிரீட் துளைக்கும் 8 மி.மீ. அலகு (பிட்). திருகாணியை மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள். கடற்காற்றில் சாதாரணத் திருகாணி வெகு சீக்கிரம் கறள் பிடித்துவிடும்.

இனி வேலை. அலுமாரியை நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தி, தகட்டின் ஒரு பக்கம் மேற்பலகையிலும் மறுபக்கம் சுவரிலும் படும்படி பிடித்து, துளைகளைப் பென்சிலால் குறியுங்கள். பலரும் தவறுவது இங்கேதான்: பின்பக்கத்து மெல்லிய பலகையில் திருகாணி ஏற்றுகிறார்கள். அது 3 மி.மீ. அட்டை, இழுத்தால் கிழிந்து வரும். தடித்த மேற்பலகையையே பிடியுங்கள். சிப்போர்ட் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகையென்றால் திருகாணியை நம்ப வேண்டாம். துளைத்து, வாஷர் போட்டு, நட்டும் போல்ட்டுமாக இறுக்குங்கள். இரும்பு அலுமாரிக்கும் அதேதான். துளையின் ஓரத்தில் கொஞ்சம் பெயின்ட் தடவிவிடுங்கள்.

குறித்ததும் அலுமாரியை ஒதுக்கி வையுங்கள். சுவரைத் துளைக்கும் முன் சுற்றிலும் பாருங்கள். சுவிட்சுக்கும் பிளக் பொயின்ட்டுக்கும் நேர் மேலேயும் கீழேயும் வயர் ஓடும்; குளியலறைச் சுவரில் தண்ணீர்க் குழாய் இருக்கலாம். அந்தக் கோடுகளைத் தொடாதீர்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள். துளையைப் பிறகு அடைத்துத் தருவதாகச் சொன்னால் அநேகமாக மறுக்கமாட்டார்கள்.

அலகின் நுனியிலிருந்து 70 மி.மீ. தள்ளி ஒரு துண்டு டேப் சுற்றுங்கள். அந்த அளவு வந்ததும் நிறுத்தலாம். குறிக்குக் கீழே பழைய பத்திரிகையை மடித்து ஒட்டினால் தூள் அதில் விழும். அந்தத் தூளைப் பாருங்கள். சுவரின் உள்ளே என்ன இருக்கிறதென்று அதுதான் சொல்லும். முதல் ஒன்றரைச் சென்ரிமீற்றர் வரை வெளிர் சாம்பல் நிறத் தூள் பூச்சு மட்டுமே. பிறகு சிவப்பாக வந்தால் செங்கல்; கடினமாகச் சாம்பலாகவே தொடர்ந்தால் சீமெந்துக் கல்; இரண்டும் பிடிக்கும். வெள்ளையாக, மாவாக உதிர்ந்தால் பழைய சுண்ணாம்புச் சுவர். ட்ரில்லின் சுத்தியல் முறையை (அடித்துக்கொண்டே துளைப்பதை) நிறுத்திவிட்டு மெதுவாகத் துளையுங்கள். அலகு திடீரென்று உள்ளே விழுந்தால் அது உட்குழிவான கல். என் முதல் துளை இப்படித்தான் போயிற்று. வோல் பிளக் அங்கே சும்மா சுழலும். உள்ளே போய்ச் சிறகு விரிக்கும் வகை போல்ட் வாங்குங்கள், அல்லது கொங்கிரீட் தூண் இருக்கும் பக்கம் அலுமாரியை நகர்த்துங்கள்.

துளைக்குள் தூள் தங்கினால் பிளக் இறுகாது. எனது இரண்டாவது பிழை அது. சைக்கிள் பம்பால் நாலு முறை ஊதினால் போதும். கண்ணாடி போட்டுக்கொண்டு ஊதுங்கள். பிளக் பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் முழுதாக இறங்க வேண்டும். பூச்சுக்குள்ளேயே நின்றுவிட்டால் ஓர் இழுப்பில் கட்டியோடு பெயர்ந்து வரும். அலுமாரியைத் திரும்பத் தள்ளித் தகட்டை இறுக்குங்கள். அடியில் ஸ்கேர்ட்டிங் டைல் இருந்தால் அலுமாரி ஒரு சென்ரிமீற்றர் தள்ளி நிற்கும். நீளமான தகடு வாங்கினால் அந்த இடைவெளி பிரச்சினையில்லை. ஈரச் சுவருக்கு அது நல்லதும்கூட.

முடித்ததும் மேல் விளிம்பை இரண்டு கைகளாலும் உங்கள் பக்கம் பலமாக இழுங்கள். சுவரில் மயிரிழை வெடிப்போ, தகட்டில் அசைவோ தெரிந்தால் அந்தத் துளையைக் கைவிட்டு ஒரு சாண் தள்ளிப் புதிதாகப் போடுங்கள். தை பிறந்து மழை ஓய்ந்ததும் தகட்டையும் திருகாணித் தலைகளையும் ஒருமுறை பாருங்கள். தகட்டில் கறள் தட்டியிருந்தால் சுரண்டிவிட்டுப் பெயின்ட் அடியுங்கள். தளர்ந்த திருகாணியை இறுக்குங்கள். எங்கள் வீட்டில் அந்த வேலை இப்போது அக்காவுடையது. ஸ்குரூ டிரைவரை லாச்சியில் வைக்காமல் மேலே வைத்திருக்கிறாள்.