ஹீட் பம்ப்: சென்ட்ரலா, டக்ட்லெஸ்ஸா? ரொறன்ரோ வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வீட்டைச் சூடாக்கும் பழைய எரிவாயு ஃபர்னஸ் கைவிரிக்கத் தொடங்கிய வீடுகளில் இப்போது ஒரே பேச்சுத்தான். வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்து உள்ளே தரும், கோடையில் ஏசியாகவும் ஓடும் ஹீட் பம்ப் போடுவதென்றால், டக்ட் என்ற காற்றுக்குழாய் வழியே வீடு முழுவதற்கும் சூடு அனுப்பும் சென்ட்ரலா, சுவரில் பெட்டியாக மாட்டும் டக்ட்லெஸ்ஸா? பக்கத்து வீட்டுக்காரர் எதைப் போட்டார் என்று விசாரித்துவிட்டு அதையே போடுகிறவர்கள் பலர். பக்கத்து வீட்டின் சுவரும் ஜன்னலும் டக்டும் நம்முடையவை அல்லவே! கடுங்குளிரில் நம் வீடு மணிக்கு எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது (அதைப் பி.டி.யு. என்ற அலகில் சொல்வார்கள்) என்று தெரியாமல் வகையைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

"பழைய ஃபர்னஸ் 80,000 பி.டி.யு., அதே அளவுக்குப் போட்டுவிடலாம்" என்று சொல்லும் ஒப்பந்தக்காரருக்குத் தேநீர் கொடுத்து வழியனுப்பிவிடுங்கள். தேவைக்கு மேல் பெரிய ஃபர்னஸ் போடுவது இங்கே நெடுநாள் வழக்கம். வெப்ப இழப்பைக் கணக்கிடக் கனடாவில் சி.எஸ்.ஏ. எஃப்280 என்ற தரமுறை இருக்கிறது. அதன்படி அறை அறையாகக் கணக்கிட்டுத் தரச் சொல்லிக் கேட்கலாம். அதுவரை எரிவாயு பில்லே ஓர் உத்தேசம் தரும். ஜனவரியில் 350 கன மீட்டர் எரிந்ததாக வைத்துக்கொள்வோம். குளியலுக்கும் சமையலுக்கும் 50 கழித்தால் மீதி 300. ஒரு கன மீட்டரில் ஏறக்குறைய 35,300 பி.டி.யு. வெப்பம் உண்டு. ஃபர்னஸின் திறன் 95 சதவீதம் என்றால், வீட்டுக்குள் வந்து சேர்ந்தது சுமார் ஒரு கோடி பி.டி.யு. ஜனவரியின் 744 மணி நேரத்துக்கு அதைப் பங்கிட்டால் மணிக்குச் சராசரியாக 13,500. அந்த மாதத்தின் சராசரி வெப்பநிலை மைனஸ் 4 என்று கொண்டு, ரொறன்ரோ நகர மையத்துக்கான வடிவமைப்பு வெப்பநிலையான, அதாவது கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் கடுங்குளிர் அளவான மைனஸ் 18-க்கு ஏற்ப உயர்த்தினால் மணிக்கு 23,000 பி.டி.யு.வுக்கு அருகில் வரும். 80,000 எங்கே, 23,000 எங்கே!

ஹீட் பம்பின் பெயர்ப்பலகையில் ஒரு கண்ணி இருக்கிறது. இயந்திரத்தின் அளவைச் சொல்லும் ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு. ஆகவே 23,000-க்கு இரண்டு டன் இயந்திரம் போதும் என்று தோன்றும். ஆனால் வெப்பமூட்டும் திறனாக முதலில் காட்டப்படும் எண் பெரும்பாலும் வெளியே 8.3 டிகிரி இருக்கும்போது அளந்தது. மைனஸ் 15-இல் சாதாரண இயந்திரம் அதில் பாதியை ஒட்டித்தான் தரும். குளிர்ப்பகுதிக்கென்று செய்யப்பட்ட நல்ல இயந்திரங்கள் பெரும்பங்கைத் தக்கவைத்துக்கொள்ளும். நீப் என்ற அமெரிக்க அமைப்பு குளிர்ப்பகுதி ஹீட் பம்புகளின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் மாடல் எண்ணைப் போட்டால் மைனஸ் 15-இல் எவ்வளவு தரும் என்று பார்க்கலாம். விலைப்புள்ளியிலும் அந்த எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். இதே வீடு ஒட்டாவாவில் இருந்தால் மைனஸ் 25-க்கும், வினிப்பெக்கில் மைனஸ் 33-க்கும் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

டக்ட் ஏற்கெனவே இருக்கிறது, ஆகவே சென்ட்ரல்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுப்பது அடுத்த தவறு. எரிவாயு ஃபர்னஸ் 50 டிகிரிக்கு மேல் சூடான காற்றைக் கொஞ்சமாக அனுப்பும். ஹீட் பம்ப் 35, 40 டிகிரி அளவில் மிதமான காற்றை நிறைய அனுப்பும், டன்னுக்கு நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி. குறுகிய பழைய டக்டில் இவ்வளவு காற்றைத் திணித்தால் சத்தம் எழும், மாடியில் பின்பக்கப் படுக்கையறை குளிர்ந்தே கிடக்கும். விலை சொல்ல வருகிறவர் டக்டில் சிறு துளையிட்டு அழுத்தம் அளக்கிறாரா என்று கவனியுங்கள். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "சரியாக இருக்கிறது" என்றால், அவர் எதையும் அளக்கவில்லை.

டக்ட்லெஸ் பக்கம் நடக்கும் தவறுகளே எனக்கு அதிகம் எரிச்சலூட்டுபவை. வெளியே ஒரு பெரிய இயந்திரம், உள்ளே அறைக்கொன்றாக ஐந்து பெட்டிகள் என்று விற்கிறார்கள். பார்க்க நேர்த்தியாக இருக்கும். இரவில் ஒரு படுக்கையறைக்கு மட்டும் 2,000 பி.டி.யு. தேவைப்படும்போது அந்தப் பெரிய இயந்திரத்தால் அவ்வளவு கீழே இறங்க முடியாது. நின்று நின்று ஓடி மின்சாரத்தை விழுங்கும். அணைத்து வைத்த பெட்டிகளுக்குள்ளும் குளிர்பதனப் பொருள் கொஞ்சம் ஓடுவதால் ஆளில்லாத அறை சூடாகும். ஓர் உட்பெட்டிக்கு ஒரு வெளி இயந்திரம் என்ற ஏற்பாடு பொதுவாகத் திறனில் முந்துகிறது. ஒன்று பழுதானாலும் மற்றவை ஓடும்.

செலவை மிச்சப்படுத்த ஹாலில் ஒரு பெட்டியை மட்டும் மாட்டுகிறவர்களும் உண்டு. கதவை மூடித் தூங்கும் வீட்டில் அந்தச் சூடு அறைக்குள் போகாது. அதோடு ஃபர்னஸையும் கழற்றிவிட்டால் பேஸ்மென்டில் ஓடும் தண்ணீர்க் குழாய்களுக்கு யார் காவல்? காற்றோட்டக் கருவி ஃபர்னஸின் டக்டோடு இணைக்கப்பட்டிருந்தால், அதற்கும் தனி வழி செய்ய வேண்டும். இன்னொன்று நம் வீடுகளுக்கே உரியது: தாளிப்பும் பொரியலும் தினமும் நடக்கும் அடுப்படிக்கு எதிரே உட்பெட்டியை மாட்டாதீர்கள். எண்ணெய்ப் புகை வடிகட்டியிலும் காற்றுருளையிலும் பிசினாகப் படிந்துவிடும்.

இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. நல்ல டக்ட் இருக்கும் தளங்களுக்குச் சென்ட்ரல், வாடகைக்கு விட்ட பேஸ்மென்டுக்குத் தனியாக ஒரு டக்ட்லெஸ் என்பது பல வீடுகளுக்குப் பொருந்தும். கீழே இருப்பவர்கள் தங்களுக்கு வேண்டிய சூட்டைத் தாங்களே வைத்துக்கொள்வார்கள். மேலே மீன் பொரித்த வாசனையும் டக்ட் வழியே கீழே இறங்காது.

கடுங்குளிரில் ஹீட் பம்ப் மட்டும் போதாதபோது கைகொடுக்கும் துணை வெப்பத்தை மறந்துவிட்டுக் கையெழுத்திடுவதும் நடக்கிறது. 10 கிலோவாட் மின்சூடேற்றி 240 வோல்ட்டில் 42 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர் பேனலில் மின்அடுப்பு, துணி உலர்த்தி, மின்காரின் சார்ஜர் எல்லாம் ஏற்கெனவே இருந்தால் இடம் போதாமல் போகலாம். எரிவாயு ஃபர்னஸையே துணையாக வைத்துக்கொண்டால் வெளியே எத்தனை டிகிரியில் ஹீட் பம்பிலிருந்து ஃபர்னஸுக்கு மாறும், அதாவது மாற்று வெப்பநிலை என்ன என்று கேளுங்கள். பூச்சியத்துக்கு மேலேயே ஃபர்னஸுக்கு மாறும்படி அமைத்துவிட்டுப் போனால், அத்தனை பணம் கொடுத்து வாங்கியது வெறும் ஏசியாக நிற்கும். இரவில் தெர்மோஸ்டாட்டை ஐந்து டிகிரி குறைத்துக் காலையில் ஏற்றும் ஃபர்னஸ் காலத்துப் பழக்கமும் இங்கே உதவாது. திடீரென்று ஏற்றினால் துணைச் சூடேற்றி ஓடத் தொடங்கி, மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும்.

வெளி இயந்திரத்தைத் தரையோடு வைக்காமல் பனி மூடாத உயரத்துக்குத் தாங்கியில் ஏற்ற வேண்டும். உறைபனியை உருக்கும்போது வழியும் நீர் நடைபாதையில் போய்க் கண்ணாடியாக உறையக்கூடாது. அப்போது எழும் வெண்புகை வெறும் நீராவிதான், தீயணைப்புப் படையை அழைக்க வேண்டாம்.

வாசலில் வந்து மணியடித்து மாதவாடகைக்கு ஹீட் பம்ப் விற்பவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள். அழைக்காமல் வீடு தேடி வந்து வெப்பமூட்டும் சாதனங்களுக்கு ஒப்பந்தம் போடுவதை ஒன்ராறியோ 2018 மார்ச் 1 முதல் தடை செய்திருக்கிறது. முன்பு போட்ட வாடகை ஒப்பந்தங்களுக்காக வீட்டுப் பத்திரத்தில் பதியப்பட்ட பிணை அறிவிப்புகள் வீட்டை விற்கும்போது பல குடும்பங்களை நெருக்கின. நுகர்வோர் பொருள்களுக்காக அப்படிப் பதிவதற்கு மாகாண அரசு 2024-இல் முற்றுப்புள்ளி வைத்தது. ஆனால் பதிவு செல்லாது என்பதால் ஒப்பந்தமே செல்லாது என்று ஆகிவிடாது. மாதவாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், அதன் மொத்தத் தொகையையும் இடையில் விலகுவதற்கான கட்டணத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.